ஒரு புள்ளியில் ஊசலாடிய பட்டம்

இருபது பந்தயங்கள். எட்டு மாதங்கள். இரண்டு வாலிபர்கள். பட்டம் ஒன்றுதான்.

முதல் ஒன்பது பந்தயங்களையும் ஒருவரே ஜெயித்துவிட்டார். மீதியை நடத்துவதே வீண் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கடைசிப் பந்தயம் வந்தபோது முன்னால் இருந்தவர் அவர் அல்ல. தோற்றுக் கொண்டே இருந்த மற்றவர்! வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

இது கதை அல்ல. 1983-ம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த மோட்டார் பந்தயப் போட்டி. 'பிரிட்டிஷ் பார்முலா-3' என்பது அதன் பெயர்.

ஜெயித்துக் கொண்டே இருந்தவர் அயர்ட்டன் ஸென்னா. பிரேஸில் நாட்டு வாலிபர். வயது 23.

தோற்றுக் கொண்டே இருந்தவர் மார்ட்டின் பிரண்டில். இங்கிலாந்துக்காரர். ஸென்னாவை விடச் சில மாதங்கள் மூத்தவர்.

பார்முலா-3 என்றால் என்ன?

மோட்டார் பந்தயத்திலும் பள்ளிக்கூடத்தைப் போல வகுப்புகள் உண்டு. உச்சியில் இருப்பது பார்முலா-1. உலக சாம்பியன் பட்டம் அதில் கிடைக்கும். அந்த உச்சிக்குப் போக ஆசைப்படும் வாலிபர்கள் கீழ் வகுப்புகளில் தேற வேண்டும். அந்தப் படிகளில் முக்கியமானது பார்முலா-3.

இந்தக் காரில் ஒருவர்தான் உட்கார முடியும். மேலே கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நீட்டிக் கொண்டு இருக்கும். ஓட்டுகிறவர் ஏறக்குறைய படுத்த நிலையில், காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அவருடைய முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும்.

அந்த நாளில் எஞ்சின் இரண்டு லிட்டர் கொள்ளளவு உள்ளதாக இருந்தது. ஆனால் அது இஷ்டம்போல் மூச்சு விட முடியவில்லை. காற்று உள்ளே போகும் வழியில் ஒரு தடை வைத்திருந்தார்கள். 24 மில்லி மீட்டர் அகலமுள்ள துவாரம். ஒரு அங்குலத்துக்கும் குறைவு! எல்லாக் கார்களும் அந்தச் சின்னத் துவாரத்தின் வழியாகத்தான் காற்றை இழுக்க வேண்டியிருந்தது. காற்று குறைந்தால் பெட்ரோல் எரிவது குறையும். பலமும் குறையும்.

எதற்காக இந்தக் கட்டுப்பாடு? பணக்காரர் பெரிய எஞ்சினைப் போட்டு ஜெயித்துவிடக் கூடாது. ஓட்டுகிறவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிய வேண்டும். அதற்காகத்தான்.

ஸென்னாவும் பிரண்டிலும் ஓட்டியது ஒரே ஜாதிக் கார். 'ரால்ட்' கம்பெனியின் கார், டொயோட்டா எஞ்சின். ஆகவே, தோற்றவர் காரின் மேல் பழி போட்டுத் தப்ப முடியாது.

பிரேஸில் வாலிபர்

ஸென்னா பிறந்தது 1960-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, ஸாவோ பாவ்லோ நகரத்தில். வசதியான குடும்பம். தகப்பனார் தொழிலதிபர். மகனுக்கு நாலு வயதானபோது ஒரு சின்ன வண்டி செய்து கொடுத்தார். புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்திய வண்டி! அதில் உட்கார்ந்த பையன் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். 13 வயதில் முதல் பந்தயத்தில் கலந்துகொண்டான்.

1981-ல் இங்கிலாந்துக்கு வந்தார். வந்த ஆண்டே சிறிய கார்ப் பந்தயங்களில் பட்டம் வாங்கினார். ஆனாலும் அந்த ஆண்டு முடிவில் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். குடும்பத் தொழிலைக் கவனிக்க வேண்டும் என்பது வீட்டாரின் எண்ணம். தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. சில மாதங்களில் மறுபடியும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். 1982-ல் இன்னும் இரண்டு பட்டங்கள்!

1983-ல் பார்முலா-3. 'வெஸ்ட் ஸர்ரே ரேஸிங்' என்ற குழு அவரைச் சேர்த்துக் கொண்டது. அதன் தலைவர் டிக் பென்னட்ஸ். நியூஸிலாந்தைச் சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். கார் தயாரிப்பதில் நிபுணர்.

ஸென்னாவின் தலைக்கவசம் மஞ்சள் நிறம். அதில் பச்சை, நீலப் பட்டைகள். பிரேஸில் கொடியின் வர்ணங்கள் அவை. அந்த மஞ்சள் நிறம் கண்ணாடியில் தெரிந்தால் முன்னால் போகிறவருக்குத் திகில்தான்.

கார் வியாபாரி மகன்

பிரண்டில் இங்கிலாந்தின் கிழக்கே, நார்போக் ஜில்லாவில், கிங்ஸ் லின் என்ற ஊரில் பிறந்தவர். அவர் குடும்பத்தின் தொழில் கார் வியாபாரம். சிறு வயதிலேயே பழைய கார்களை ஓட்டிப் பந்தயத்துக்குப் பழகியவர்.

அவர் சேர்ந்த குழுவின் சொந்தக்காரர் எட்டி ஜோர்டான். அயர்லாந்துக்காரர். டப்ளின் நகரில் ஒரு பாங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். பந்தய மோகத்தில் வேலையை விட்டவர். கையில் பணம் குறைவு. வாயில் பேச்சு அதிகம். பேசிப் பேசியே குழுவை நடத்தினார்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸென்னாவை முதன் முதலில் ஒரு பார்முலா-3 காரில் ஏற்றி, ஓட்டிப் பார்க்கச் சொன்னவர் இதே எட்டி ஜோர்டான்தான். 1982-ல் ஸில்வர்ஸ்டோன் மைதானத்தில் அது நடந்தது. வாலிபரின் வேகத்தைக் கண்டு அவர் அசந்து போனார். ஆனால் ஸென்னா அவர் குழுவில் சேரவில்லை. அடுத்த ஆண்டு அவரே எதிரியாக வந்து நின்றார்.

ஒன்பதுக்கு ஒன்பது

முதல் பந்தயம் மார்ச் 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஸில்வர்ஸ்டோனில் நடந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்கள் இறங்கிய இடம் அது. யுத்தம் முடிந்ததும் விமானத்தளம் பந்தய மைதானமாக மாறியது. த்ரக்ஸ்டன், ஸ்னெட்டர்ட்டன் என்ற மைதானங்களும் அப்படி உண்டானவைதான். இங்கிலாந்தின் பந்தய வீரர்கள் பலர், குண்டு போடும் விமானங்கள் ஓடிய பாதையில் கார் ஓட்டிப் பழகியவர்கள்.

ஸென்னா ஜெயித்தார்.

அடுத்தது த்ரக்ஸ்டன். ஸென்னா. மறுபடி ஸில்வர்ஸ்டோன். ஸென்னா. டோனிங்டன். ஸென்னா. இப்படியே மே மாதம் முடிவதற்குள் ஒன்பது பந்தயங்கள். ஒன்பதிலும் ஸென்னா!

அவர் ஜெயித்த விதம் ஒன்றுதான். பச்சை விளக்கு எரிந்ததும் பாய்வார். மற்றவர்களின் டயர் இன்னும் சூடேறாத முதல் சுற்றிலேயே வெகு தூரம் போய்விடுவார். டயர் குளிர்ந்திருந்தால் சாலையைப் பிடிக்காது, வழுக்கும். மற்றவர்கள் பயந்து நிதானிக்கும் நேரம் அது. ஸென்னா அந்த நேரத்தைத்தான் பிடித்துக் கொண்டார். முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே பந்தயம் முடிந்து போகும்.

அப்போது அவர் 'ஸென்னா ட ஸில்வா' என்ற முழுப் பெயரில் அறியப்பட்டார். ஆகவே ஸில்வர்ஸ்டோனைப் பத்திரிகைகள் 'ஸில்வாஸ்டோன்' என்று வேடிக்கையாக எழுத ஆரம்பித்தன.

இரண்டாம் இடம் யாருக்கு?

இந்த இடத்தில் பிரண்டிலை மறந்துவிடக் கூடாது.

ஒன்பது பந்தயங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டாவதாக வந்தவர் அவர்தான். திரும்பத் திரும்ப அதே காட்சி. முன்னால் மஞ்சள் தலைக்கவசம். பின்னால் பிரண்டில். மேடையில் பெரிய கோப்பை ஸென்னாவுக்கு. சின்னக் கோப்பை பிரண்டிலுக்கு.

சாதாரண மனிதனாக இருந்தால் மனம் உடைந்திருக்கும். அல்லது ஆத்திரத்தில் காரை எதிலாவது மோதியிருப்பான். பிரண்டில் இரண்டும் செய்யவில்லை. கிடைத்ததைச் சேர்த்துக் கொண்டே வந்தார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. புள்ளிக் கணக்கைப் பாருங்கள். முதல் இடத்துக்கு 9 புள்ளி. இரண்டாம் இடத்துக்கு 6. பிறகு 4, 3, 2, 1. ஒரு சுற்றை எல்லாரையும் விட வேகமாக முடிப்பவருக்குத் தனியாக 1 புள்ளி. ஆகவே, ஒவ்வொரு தோல்வியிலும் பிரண்டில் இழந்தது மூன்று அல்லது நான்கு புள்ளிதான். ஆனால் ஸென்னா ஒரு பந்தயத்தில் விழுந்து, பிரண்டில் ஜெயித்தால்? ஒரே நாளில் ஒன்பது புள்ளி திரும்பி வந்துவிடும்!

சில்லறையாகப் போனது நோட்டாகத் திரும்பி வரலாம். அதற்கு ஒரே நிபந்தனை: காத்திருக்கத் தெரிய வேண்டும்.

காற்று திசை மாறியது

ஜூன் 12-ந் தேதி. மறுபடியும் ஸில்வர்ஸ்டோன். அன்று ஐரோப்பியப் போட்டியும் பிரிட்டிஷ் போட்டியும் சேர்ந்து நடந்தன. ஐரோப்பாவின் வீரர்கள் பலர் வந்திருந்தார்கள். பிரண்டில் முன்னால் போனார். ஸென்னாவுக்கு இது புதிய அநுபவம். முன்னால் ஒரு காரின் முதுகு தெரிந்தது! விரட்டினார். அளவுக்கு மீறி விரட்டினார். கார் பாதையை விட்டு விலகி மோதியது.

பிரண்டில் வெற்றி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 19. காட்வெல் பார்க் என்ற மைதானம். அங்கே 'மலை' என்று பெயர் பெற்ற ஒரு மேடு உண்டு. வேகமாக வந்தால் கார் தரையை விட்டு எழும்பும். பந்தயத்துக்கு முன் எல்லாரும் தனித்தனியாக ஓட்டி வேகத்தைக் காட்ட வேண்டும். அதில் வேகமானவருக்குப் பந்தயத்தில் முதல் வரிசை கிடைக்கும். ஸென்னாவின் வேகமே அதிகமாக இருந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகப் போக முடியும் என்று காட்ட விரும்பினார். மலையில் கார் நிலை தவறி மோதி நொறுங்கியது. ஓட்டினவர் பிழைத்தார். கார் பிழைக்கவில்லை.

பந்தயத்தில் ஸென்னாவின் இடம் காலி. பிரண்டில் மறுபடியும் வெற்றி.

ஜூலை 3. ஸ்னெட்டர்ட்டன். நார்போக் ஜில்லா; பிரண்டிலின் சொந்த மண். பிரண்டில் முன்னால். ஸென்னா பின்னால். பந்தயம் முடியும் தறுவாயில் ஸென்னா முந்தப் பார்த்தார். இடமில்லாத இடத்தில் நுழைந்தார். சக்கரம் புல்லில் ஏறியது. கார் சுழன்று மோதியது.

பிரண்டில் மூன்றாவது வெற்றி.

ஏன் விழுந்தார்?

ஒன்பது பந்தயங்களில் ஒரு தவறும் செய்யாதவர் இப்போது அடிக்கடி மோதுவானேன்?

இரண்டாம் இடம் என்பது ஸென்னாவுக்குப் பழக்கமில்லை. ஸ்னெட்டர்ட்டனில் அவர் சும்மா பின்னாலேயே வந்திருந்தால் போதும். 6 புள்ளி கிடைத்திருக்கும். பட்டம் அப்போதே பாதி கைக்கு வந்திருக்கும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் முன்னால் ஒரு கார் போவதைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

பிரண்டில் பிற்காலத்தில் இதைப் பற்றிப் பல முறை பேசியிருக்கிறார். ஸென்னா முந்த வரும்போது, விட்டுக் கொடுப்பதா அல்லது இரண்டு பேரும் மோதுவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை எதிராளியிடம் விட்டுவிடுவாராம். ஒரு முறை வழி விட்டால் போச்சு. பிறகு எப்போதும் வழி விட வேண்டியதுதான்.

பிரண்டில் இதைப் புரிந்து கொண்டார். வழி விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

மேலே இருந்து பார்த்தவர்கள்

ஜூலை 16-ந் தேதி, சனிக்கிழமை. ஸில்வர்ஸ்டோனில் பெரிய கூட்டம். பார்முலா-1 உலகப் போட்டியின் பிரிட்டிஷ் பந்தயம் நடக்கும் நாள். அதே மைதானத்தில் பார்முலா-3 பந்தயமும் உண்டு. பெரிய குழுக்களின் முதலாளிகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போது பரீட்சை எழுதுவது போன்ற நிலைமை.

ஸென்னா ஜெயித்தார்!

அந்த மாதமே அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. புகழ் பெற்ற பிராங்க் வில்லியம்ஸ் தமது பார்முலா-1 காரை ஓட்டிப் பார்க்க அழைத்தார். டோனிங்டன் மைதானத்தில் ஸென்னா முதன் முதலாக அந்தப் பெரிய காரில் உட்கார்ந்தார். சில சுற்றுக்களிலேயே பழகிவிட்டார். பார்த்தவர்கள் வியந்தார்கள்.

ஆனால் கீழ் வகுப்புப் பட்டம் இன்னும் கையில் இல்லையே! ஜூலை 24-ந் தேதி, டோனிங்டன் பந்தயத்தில், பிரண்டில் முதல், ஸென்னா இரண்டாவது.

காரின் மேல் கார்

ஆகஸ்டு 6. ஓல்ட்டன் பார்க் மைதானம். அன்று நடந்தது எல்லாரையும் பதற வைத்தது.

முன்னால் பிரண்டில். ஸென்னா உட்புறமாகப் பாய்ந்தார். இருவரும் விட்டுக் கொடுக்கவில்லை. சக்கரமும் சக்கரமும் உரசின. இந்தக் கார்களில் சக்கரம் வெளியே இருப்பதால் உரசினால் கார் மேலே ஏறிவிடும். அதுதான் நடந்தது. இரண்டு கார்களும் பாதையை விட்டு விலகின. தூசி அடங்கியபோது பிரண்டிலின் காரின் மேல் ஸென்னாவின் கார் உட்கார்ந்திருந்தது!

கூரை இல்லாத கார். உள்ளே இருந்தது மனிதன். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல வேளை. இருவரும் உயிர் தப்பினார்கள்.

கால்வின் பிஷ் என்பவர் அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். அந்த ஆண்டின் 20 பந்தயங்களில் இந்த இருவரையும் தவிர வேறொருவர் ஜெயித்தது அந்த ஒரு நாள்தான்.

ஆகஸ்டுக் கடைசியில் ஸில்வர்ஸ்டோனில் ஸென்னா மீண்டும் ஜெயித்தார். ஆனால் செப்டம்பர் அவருக்குக் கெட்ட மாதமாக அமைந்தது. ஓல்ட்டன் பார்க்கில் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. த்ரக்ஸ்டனில் எஞ்சின் பழுதாயிற்று. இரண்டிலும் பிரண்டிலே ஜெயித்தார். அக்டோபர் 2-ந் தேதி ஸில்வர்ஸ்டோனிலும் பிரண்டில்தான். ஸென்னாவின் கோட்டை என்று பேர் வாங்கிய மைதானம் அது!

இருபதில் பத்தொன்பது முடிந்தது. பிரண்டில் ஒரு புள்ளி முன்னால்.

மார்ச்சிலிருந்து மே வரை ஒரு முறை கூட ஜெயிக்காதவர். தோல்வி நாளிலும் சேர்த்து வைத்த ஆறு ஆறு புள்ளிகள்தான் அவரை இங்கே கொண்டு வந்து நிறுத்தின.

எஞ்சினுடன் இத்தாலிக்கு

கடைசிப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஸென்னா என்ன செய்தார்?

தம்முடைய எஞ்சினில் பழைய பலம் இல்லை என்று அவருக்குப் பட்டது. அந்த எஞ்சின்களைப் பந்தயத்துக்கு ஏற்றபடி சீர் செய்து கொடுத்தது இத்தாலியில் உள்ள 'நோவாமோட்டார்' பட்டறை. ஸென்னா ஆளை அனுப்பவில்லை. தபாலும் போடவில்லை. எஞ்சினைத் தாமே எடுத்துக் கொண்டு இத்தாலிக்குப் போனார். வேலை முடியும் வரை அங்கேயே இருந்து பார்த்தார்.

இன்னொரு யோசனையும் செய்தார்கள். எஞ்சின் எண்ணெய் சூடானால்தான் எஞ்சினுக்கு முழு பலம் வரும். பந்தயம் ஆரம்பித்துச் சில சுற்றுக்கள் கழித்துத்தான் அது சூடாகும். ஆரம்பத்திலேயே சூடாக்கினால்? எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் காற்றுப் படாதபடி ஒட்டும் நாடாவால் அடைத்துவிட்டார்கள். எண்ணெய் சீக்கிரம் சூடேறும். முதல் சுற்றிலேயே முழு பலம் கிடைக்கும்.

ஆனால் அப்படியே விட்டால் எண்ணெய் கொதித்து எஞ்சின் வெந்துவிடும். சில சுற்றுக்கள் போனதும் நாடாவை உரித்துவிட வேண்டும். யார் உரிப்பது? காரை ஓட்டிக் கொண்டிருப்பவர்தான்!

கடைசி நாள்

அக்டோபர் 23-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. த்ரக்ஸ்டன் மைதானம்.

ஒரு வாரத்துக்கு முன்னால்தான் பிரேஸில் நாட்டின் நெல்ஸன் பிக்கே பார்முலா-1 உலக சாம்பியன் ஆகியிருந்தார். அவரும் 1978-ல் இதே பிரிட்டிஷ் பார்முலா-3-ல் பட்டம் வாங்கியவர். அவருக்கு முன்னால் இன்னொரு பிரேஸில் வீரரான எமர்ஸன் பிட்டிபால்டியும் 1969-ல் இதே வழியாக வந்து, பின்பு உலக சாம்பியன் ஆனவர். மூன்றாவது ஆளாக ஸென்னா அந்த வரிசையில் சேருவாரா? அல்லது, தோல்வியைத் தின்று வளர்ந்த பிரண்டில் பட்டத்தைத் தட்டிக் கொண்டு போவாரா?

விளக்கு மாறியது. ஸென்னா பாய்ந்தார். சூடான எண்ணெய் கை கொடுத்தது. மார்ச் மாதத்து ஸென்னா திரும்பி வந்துவிட்டார்! முதல் சுற்றிலேயே முன்னால் போனார்.

சில சுற்றுக்கள் ஆயின. நாடாவை உரிக்க வேண்டிய நேரம். கையை வெளியே நீட்டினார். எட்டவில்லை! உடம்பை ஆசனத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தன பாதுகாப்பு வார்கள். எண்ணெயின் சூடோ ஏறிக் கொண்டே இருந்தது.

அப்போது அவர் செய்த காரியம் யாரும் செய்யத் துணியாதது. ஓடும் காரில் பாதுகாப்பு வாரைக் கழற்றினார்! வெளியே சாய்ந்து நாடாவைப் பிய்த்து எறிந்தார். இனி அடுத்த சங்கடம். கழற்றிய வாரை மாட்ட வேண்டும். கையை விட்டால் கார் பாதையை விட்டுப் போகும். கார் போகும் வேகத்தில் ஒரு கையால் தட்டுத் தடுமாறி எப்படியோ மாட்டிக் கொண்டார்.

இது அவருடைய துணிச்சலைக் காட்டும் சம்பவம் என்று சொல்வார்கள். துணிச்சல் உண்மைதான். ஆனால் பின்பற்றத் தக்கதல்ல. ஒரு சின்ன மோதல் நேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு முடிவு இருந்திருக்கும்.

அன்று மோதல் நேரவில்லை. ஸென்னா முதலாவதாக வந்தார். அமெரிக்க வாலிபர் டேவி ஜோன்ஸ் இரண்டாவது. பிரண்டில் மூன்றாவது.

இந்தப் போட்டியில் ஒரு விதி இருந்தது. எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டமாட்டார்கள். மட்டமான சில முடிவுகளைத் தள்ளிவிட்டு, மீதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அப்படிக் கழித்துப் பார்த்ததில் ஸென்னாவுக்கு 132 புள்ளி. பிரண்டிலுக்கு 123.

பட்டம் ஸென்னாவுக்கு! இருபதில் பன்னிரண்டு வெற்றி.

அப்புறம் என்ன ஆயிற்று?

அடுத்த மாதம் சீனக் கடற்கரையில் உள்ள மக்காவ் நகரில் பார்முலா-3 கார்களின் பெரும் பந்தயம் முதன் முதலாக நடந்தது. அதிலும் ஸென்னாவே வென்றார்.

1984-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, பிரேஸிலின் ரியோ நகரில், உலகப் போட்டியின் முதல் பந்தயம். புதிய வீரர்கள் சிலர் அன்று பார்முலா-1-ல் அடி வைத்தார்கள். ஒருவர் ஸென்னா. இன்னொருவர் பிரண்டில்! பட்டம் வாங்கியவருக்கு மட்டுமல்ல, கடைசி வரை விடாமல் போராடியவருக்கும் உச்சியின் கதவு திறந்தது.

அன்று ஸென்னாவின் கார் பாதியில் பழுதாகி நின்றது. பிரண்டில் ஐந்தாவதாக வந்தார். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவர் சேர்ந்திருந்த 'டைரல்' குழு விதி மீறியதாகத் தீர்ப்பாகி, அந்த ஆண்டின் முடிவுகள் எல்லாம் ரத்தாயின. பிரண்டிலின் ஐந்தாம் இடமும் போயிற்று.

ஸென்னா உயர்ந்து கொண்டே போனார். 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியன். மொத்தம் 41 வெற்றிகள். பிரண்டில் 158 உலகப் பந்தயங்களில் ஓட்டினார். ஒன்பது முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். ஒரு முறை கூட முதலாவதாக வரவில்லை. ஆனால் வேறு வகைக் கார்களில் அவர் புகழ் பெற்றார். 1988-ல் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் ஆனார். 1990-ல் பிரான்ஸ் நாட்டில் 24 மணி நேரம் ஓடும் லெ மான்ஸ் பந்தயத்தில், ஜாகுவார் காரில், கூட்டாளிகளுடன் வென்றார். பிறகு டெலிவிஷனில் பந்தய வர்ணனையாளராகி வீடு தோறும் தெரிந்த குரலானார்.

1994-ம் ஆண்டு மே முதல் தேதி. இத்தாலியில் இமோலா மைதானம். ஸென்னாவின் கார் சுவரில் மோதியது. அவர் உயிர் நீத்தார். வயது 34. பிரேஸில் தேசமே அழுதது. அதே பந்தயத்தில் கார் ஓட்டிக் கொண்டிருந்தவர்களில் பிரண்டிலும் ஒருவர்.

தமிழ்நாட்டுக்கு வந்த கதவு

எட்டி ஜோர்டான் என்ன ஆனார்? பணமில்லாமல் பேச்சால் குழு நடத்தியவர் 1991-ல் பார்முலா-1-லும் சொந்தக் குழுவுடன் நுழைந்தார். 1996-ல் அவருடைய குழுவில் பிரண்டில் மீண்டும் ஓட்டினார். அதுவே பிரண்டிலின் கடைசி பார்முலா-1 ஆண்டு. 2005-ன் தொடக்கத்தில் ஜோர்டான் குழுவை விற்றார். ஆனாலும் அந்த ஆண்டு முழுவதும் அது 'ஜோர்டான்' என்ற பெயரிலேயே ஓடியது. அந்தக் காரில், 2005-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் ஓர் இந்தியர் முதன் முதலாக உலகப் போட்டியில் கலந்துகொண்டார். அவர் சென்னையில் பிறந்து கோயமுத்தூரில் படித்த நரேன் கார்த்திகேயன். அவரும் பிரிட்டிஷ் பார்முலா-3 என்ற அதே பள்ளிக்கூடத்தில் பயின்றவர்தான்.

அந்தப் பழைய பிரிட்டிஷ் பார்முலா-3 போட்டி 2014-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. எட்டி ஜோர்டான் 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார்.

1983-ன் பட்டியலைப் பார்த்தால் ஸென்னா 132, பிரண்டில் 123 என்று இரண்டு எண்கள் மட்டுமே தெரியும். அந்த ஒன்பது பந்தயங்கள் அதில் தெரியாது. தோற்ற காரை விட்டு இறங்கி, துடைத்து, அடுத்த வாரமும் வரிசையில் கொண்டு வந்து நிறுத்திய வாலிபரைப் பட்டியல் காட்டாது.

கோப்பை ஸென்னாவின் வீட்டுக்குப் போயிற்று. ஆனால் அந்தக் கோப்பைக்கு விலை உண்டாக்கியவர் பிரண்டில்.